மாப்பிள்ளையும் மண்மாரியும்

பதினாறு அடி ஆழத்துக்கு ஒரு குழி. நான்கு மூலையிலும் இரும்புக் கம்பம். குழிக்குள் நெருப்பு, அதன்மேல் எண்ணெய் கொதிக்கும் கொப்பரை. கம்பங்களுக்கு நடுவே தொங்கும் உறியில் ஒரு மனிதன் உட்கார்ந்திருக்கிறான். அவன் கழுத்திலும் இடுப்பிலும் கத்திகள். கத்திகளைக் கோத்த சங்கிலிகள் யானைகளின் துதிக்கையில். சுற்றி நிற்கும் புலவர்கள் ஆளுக்கொரு நிபந்தனை வீசுகிறார்கள்: இந்தச் சொல்லில் தொடங்கு, அந்தச் சொல்லில் முடி, நடுவே இதையெல்லாம் சேர். கேட்ட மாத்திரத்தில் வெண்பா வர வேண்டும். தளை தட்டினால் பாகன் யானையைத் தட்டுவான்.

இதற்கு எமகண்டம் என்று பெயர். உறியில் இருந்தவர் காளமேகப் புலவர். இடம், இன்று காரைக்காலிலிருந்து நாகூர் போகும் சாலையில் இருக்கும் திருமலைராயன்பட்டினம். காலம் 15ஆம் நூற்றாண்டு. விஜயநகரத்துக்கு அடங்கி இந்தப் பகுதியை ஆண்ட திருமலைராயன் பெயரைத்தான் ஊர் இன்றும் சுமக்கிறது. ஊரை ஒட்டிக் கடலுக்குப் போகும் ஆறும் திருமலைராஜனாறுதான்.

கதை இப்படிப் போகும். திருவரங்கத்து மடைப்பள்ளியில் இருந்த வரதன், திருவானைக்காவில் ஒரு தேவதாசி மேல் கொண்ட காதலால் அங்கே போய், அகிலாண்டேசுவரி வாயில் உமிழ்ந்த தாம்பூலத்தால் கவியாகிறான். மேகம் போலப் பொழிகிறவன் ஆனதால் காளமேகம். அவர் திருமலைராயன் அவைக்கு வருகிறார். அங்கே அதிமதுரகவியும் பல்லக்கில் வரும் அறுபத்து நான்கு தண்டிகைப் புலவர்களும். வந்தவருக்கு உட்கார இடம் கொடுக்கவில்லை. சண்டை அதில்தான் ஆரம்பம். ‘அரிகண்டம் பாடுவாயா?’ என்கிறார்கள். கழுத்தில் கத்தியைக் கட்டிக்கொண்டு பாடுவது அது. ‘அது என்ன பெரிய காரியம், எமகண்டமே பாடுகிறேன்’ என்கிறார் காளமேகம். பாடி ஜெயிக்கிறார். ஜெயித்த பிறகும் அரசன் மரியாதை செய்யவில்லை. வயிறெரிந்த புலவர், இந்த ஊரில் மண்மாரி பெய்யட்டும் என்று வசை பாடிவிட்டுக் கிளம்புகிறார். பெய்தது. ஊர் மண்ணில் புதைந்தது.

எமகண்டத்துக்குக் கல்வெட்டுச் சான்று தேடிப் புறப்பட வேண்டாம். நமக்குக் கிடைத்திருப்பது பின்னால் தொகுத்த கதைகள். அஷ்டாவதானம் வீராசாமி செட்டியாரின் ‘விநோதரசமஞ்சரி’ போன்ற 19ஆம் நூற்றாண்டுப் புத்தகங்கள்தான் இவற்றை வீட்டுக்கு வீடு கொண்டுபோயின. 1940இல் எல்லிஸ் ஆர். டங்கன் இதைப் படமாகவே எடுத்தார். நாதஸ்வரச் சக்கரவர்த்தி டி.என். ராஜரத்தினம் பிள்ளை காளமேகமாக நடித்தார். நமக்கு வேண்டியது வேறு விஷயம். இந்த ஊரோடு சேர்த்துச் சொல்லப்படும் மிகப் புகழ்பெற்ற வீரன், இந்த ஊரை அழித்தவன். ஊரைக் காத்தவனுக்குச் சிலை வைப்பார்கள், சரி. ஊரைப் புதைத்தவன் கதையை ஊரே பெருமையாகச் சொல்வது எப்படி?

முதலில் மண்ணைப் பார்த்துவிடுவோம், அது சுலபம். காவிரிப் படுகையின் கடலோரம் முழுக்க மணல்மேடுகள். காய்ந்த மணல் நகர ஏறக்குறைய மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகக் காற்று போதும். ஒரு மணி எழும்பிக் குதித்து விழும்போது கீழே கிடக்கும் வேறு சில மணிகளை எற்றிவிடுகிறது. அவை குதித்து மற்றவற்றை எற்றுகின்றன. இந்தத் தொடர்குதிப்பைப் பாலைவனத்தில் அளந்து, 1941இல் புத்தகமாகவே எழுதியவர் ரால்ப் பாக்னால்ட் என்ற ஆங்கில ராணுவப் பொறியாளர். காற்று விடாமல் அடித்தால் வேலி முங்கும், பிறகு திண்ணை முங்கும். புயல் வந்தால் கடலே மணலை அள்ளி ஊருக்குள் கொட்டும். 1952, 1977 நாகப்பட்டினம் புயல்களைப் பார்த்த பெரியவர்களுக்கும், 2018இல் கஜாவைப் பார்த்த சின்னவர்களுக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. பழங்கதைகளுக்குள் இயற்கைச் சீற்றங்களின் நினைவு பதுங்கியிருக்கிறதா என்று தேடுவதற்கென்றே ஒரு துறை உண்டு. அமெரிக்கப் புவியியலாளர் டோரதி விட்டாலியானோ 1968இல் அதற்குப் பெயர் வைத்தார். அந்தக் கண்ணோடு பார்த்தால், மண்மாரிக் கதை உண்மையான ஒரு மணல் படையெடுப்பின் ஞாபகமாக இருக்கலாம். இதே மணல்மேடுகள்தான் 2004 சுனாமியில் இந்தக் கடலோரத்தின் சில இடங்களில் அலையைத் தடுத்து நிறுத்தின என்பது காளமேகம் எதிர்பார்க்காத திருப்பம்.

மணல் வந்தது எப்படி என்று காற்று சொல்லிவிடும். பழி ஏன் ஒரு புலவர்மேல் விழுந்தது, விழுந்தும் அவர் ஏன் வீரர் என்று கேட்டால், ஊரைவிட்டுக் கொஞ்சம் வெளியே போக வேண்டும்.

ஐஸ்லாந்துக்குப் போவோம். அங்கே எகில் ஸ்கல்லாகிரிம்சன் என்று ஒருவர், 10ஆம் நூற்றாண்டு. கொலைகாரர், முரடர், பெருங்கவி. நார்வே அரசன் எரிக் தனக்கு அநியாயம் செய்தான் என்று, ஒரு கழியின் முனையில் குதிரைத் தலையைச் செருகி, அரசனையும் அரசியையும் விரட்டும்வரை அந்த மண்ணின் காவல் தெய்வங்களுக்கு நிம்மதி இருக்கக் கூடாது என்று சபித்தார். பிறகு ஒருநாள் கப்பல் உடைந்து, அதே எரிக்கின் கையில், இங்கிலாந்தின் யார்க் நகரத்தில் சிக்கிக்கொண்டார். எரிக்கின் மகனை வேறு கொன்றிருந்தார். விடிந்தால் தலை போகும். நண்பன் ஒருவன் யோசனை சொல்ல, ஒரே இரவில் அரசனைப் புகழ்ந்து இருபது பாட்டுக் கட்டினார். ஜன்னலில் ஒரு குருவி விடாமல் கத்திக் கவனத்தைக் கலைத்ததாம். அது உருமாறி வந்த அரசி என்பது பேச்சு. காலையில் பாடினார், தலை தப்பியது. அந்தப் பாட்டுக்கே ‘தலைவிலை’ என்றுதான் பெயர். வசையும் எமகண்டமும் ஒரே ஆளிடம்! காளமேகத்துக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னால், தமிழே கேட்டிராத பனிக்காட்டில்.

அயர்லாந்தின் பழங்கதையில் ப்ரெஸ் என்று ஒரு கருமி அரசன். அவன் வீட்டுக்கு வந்த கவிஞன் கார்ப்ரேக்கு நெருப்பில்லாத, படுக்கையில்லாத ஒரு இருட்டறையும், மூன்று காய்ந்த அப்பமும் கிடைத்தன. காலையில் எழுந்து ஒரு வசை பாடினான். அன்றோடு அரசனின் செல்வாக்கு சரிந்தது. அயர்லாந்தில் பாடப்பட்ட முதல் வசை அதுதான் என்பது மரபு. அங்கே படுக்கை கிடைக்கவில்லை, இங்கே இருக்கை கிடைக்கவில்லை.

எனக்கு இவற்றில் மிகவும் பிடித்தது ஜப்பான் கதை. சுகவாரா நோ மிச்சிசானே பெரிய அறிஞர், கவிஞர், அமைச்சர். எதிரிகள் கோள்மூட்டி 901இல் அவரைத் தலைநகரிலிருந்து வெகுதூரம் நாடுகடத்தினார்கள். 903இல் அங்கேயே இறந்தார். அதன் பிறகு தலைநகரில் எதுவும் சரியாக நடக்கவில்லை. கொள்ளைநோய் வந்தது, வெள்ளம் வந்தது, எதிரிகள் ஒவ்வொருவராகச் செத்தார்கள். 930இல் அரண்மனை மேலேயே இடி விழுந்து சிலர் மாண்டார்கள். இது மிச்சிசானேயின் கோபம்தான் என்று முடிவு கட்டினார்கள். செத்தவருக்குப் பதவியைத் திருப்பிக் கொடுத்தார்கள், போதாமல் 947இல் கியோட்டோவில் கோயிலே கட்டினார்கள். இடியின் தெய்வமாக இருந்தவர் காலப்போக்கில் கல்வித் தெய்வமானார். இன்றைக்கு நுழைவுத்தேர்வு எழுதப் போகும் ஜப்பானியப் பிள்ளைகள் அவர் கோயிலில் பலகையில் வேண்டுதல் எழுதித் தொங்கவிடுகிறார்கள். ஆயிரம் வருஷத்துக் கோபம் மதிப்பெண்ணாக இறங்கிவருகிறது.

கிரேக்கர்கள் இன்னும் பட்டவர்த்தனம். பொது ஆண்டுக்கு முன் 492ஆம் வருடத்து ஒலிம்பிக் போட்டியில், அஸ்டிபாலியா தீவைச் சேர்ந்த கிளியோமிடிஸ் குத்துச்சண்டையில் எதிராளியைக் கொன்றுவிட்டான். நடுவர்கள் பரிசைப் பறித்தார்கள். புத்தி பேதலித்து ஊர் திரும்பியவன், பள்ளிக்கூடத்துத் தூணை இழுத்துச் சாய்த்தான். கூரை விழுந்தது. உள்ளே அறுபது குழந்தைகள். ஊர் கல்லெடுத்துத் துரத்த, அவன் அதீனா கோயிலுக்குள் ஓடி ஒரு பெட்டிக்குள் புகுந்து மூடியை உள்ளிருந்து இறுக்கிக்கொண்டான். பெட்டியை உடைத்தால் காலி. டெல்பிக்கு ஆள் அனுப்பிக் குறி கேட்டார்கள். வந்த பதில்: வீரர்களில் கடைசி ஆள் அவன்தான், படையல் போட்டுக் கும்பிடுங்கள். அப்படியே செய்தார்கள். இதை எழுதிவைத்தவர் பௌசானியஸ் என்ற பயணி.

(பெட்டி என்றதும் திருமலைராயன்பட்டினத்துக்காரர்களுக்கு ஆயிரங்காளியம்மன் ஞாபகம் வந்திருக்கும். அவளும் கடலில் மிதந்துவந்த பெட்டியில் வந்தவள் என்பார்கள். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறைதான் பெட்டியைத் திறப்பார்கள். சீர்வரிசை எல்லாம் ஆயிரம் ஆயிரமாக வரும். பழமானாலும் பூவானாலும் எண்ணிக்கை ஆயிரம்தான். சில தெய்வங்களைத் தினமும் பார்க்கக் கூடாது என்று ஊருக்குத் தெரிந்திருக்கிறது.)

அறுபது குழந்தைகளைக் கொன்றவன் வீரனா? பழைய கிரேக்கனிடம் கேட்டால் கேள்வியே புரியாது. அவனுக்கு வீரன் என்பவன் நல்லவன் அல்ல. செத்த பிறகும் அடங்காதவன். அவன் புதைந்த இடத்தில் சக்தி இருக்கிறது, அதைச் சாந்தப்படுத்தினால் ஊருக்குக் காவல், இல்லாவிட்டால் ஊருக்குக் கேடு. நம் ஊர்களில் மதுரைவீரனுக்கும் காத்தவராயனுக்கும் பொங்கல் வைப்பவர்களுக்கு இதை யாரும் பாடம் எடுக்க வேண்டாம். இருவருமே ஊர்ச் சட்டத்தை மீறியதற்காகக் கொடூரமாகச் சாகடிக்கப்பட்டவர்கள். தென்மாவட்டங்களின் வில்லுப்பாட்டை வருஷக்கணக்கில் ஆராய்ந்த அமெரிக்க நாட்டார்வழக்காற்று அறிஞர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் சொன்னதும் இதுதான்: ஒருவரைத் தெய்வமாக்குவது அவர் வாழ்ந்த வாழ்க்கை அல்ல, செத்த விதம். அகாலமாக, அநியாயமாக நடந்த சாவு.

இந்தக் கதைகளை அடுக்கிவைத்துப் பார்த்தால் ஒரு பாக்கி கண்ணுக்குத் தெரிகிறது. கொடுக்க வேண்டிய மரியாதையைக் கொடுக்காமல் விட்டது. இருக்கை, படுக்கை, பதவி, பரிசு என்று பெயர்தான் மாறுகிறது. பாக்கி வட்டியோடு வசூலாகிறது. பிறகு ஊர் பயந்து கட்டுகிறது. அந்தக் கட்டுதலைத்தான் நாம் வீரவணக்கம் என்கிறோம்.

தொல்காப்பியம் இதை ஒரு நடைமுறையாகவே வகுத்துவைத்திருக்கிறது. போரில் விழுந்தவனுக்குக் கல் எடுப்பதில் ஆறு படிகள்: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து. ஏற்ற கல்லைத் தேடிப் பார்ப்பது, நாள் பார்த்துக் கொண்டுவருவது, நீராட்டுவது, நடுவது, படையல், பாட்டு. இந்த ஆறில் வீரன் செய்வது ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மாட்டை மீட்கப் போய் அம்பு பட்டு விழுந்ததோடு அவன் வேலை முடிந்தது. மீதி எல்லாம் ஊர் வேலை.

அப்படி நட்ட கற்களில் மிகப் பழையவை என்று தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த தமிழிக் கல்வெட்டுள்ள நடுகற்களைச் சொல்கிறார்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கு மேற்பட்டவை. ஒன்றில் மாடு கவரும் சண்டையில் இறந்தவன் பெயர் இருக்கிறது. திருவண்ணாமலை, தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் காட்டோரம் நடந்தால் நடுகல் தட்டுப்படும். காவிரிக் கடைமடையில் அவ்வளவாகக் கிடையாது. அங்கே மேய்ச்சல், இங்கே நெல். மாடு கவர்ந்து போகும் பிழைப்பு இந்தப் பக்கம் இல்லை. தோண்டினால் வண்டல்தான் வரும், கல்லுக்கும் எங்கே போவது?

கல் கிடைத்த ஊர்களில் மனிதனுக்கு மட்டும் நடவில்லை. செங்கம் பக்கத்து எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் கல் ஒன்று. எருமைகளைக் காக்கப் போய் இறந்த கருந்தேவக்கத்தி அதில் நிற்கிறான். பக்கத்தில் ஒரு நாய். பெயர் கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றதற்காகப் பெயரோடு கல்லில் ஏறிவிட்டது. விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் சண்டையில் செத்த சேவலுக்கே கல் உண்டு.

கர்நாடகத்து ஆதகூர்க் கல் இவற்றையெல்லாம் மிஞ்சும். 949இல் தக்கோலத்தில் சோழருக்கும் ராஷ்டிரகூடருக்கும் பெரும் போர். ராஷ்டிரகூடர் பக்கம் நின்ற கங்க அரசன் பூதுகன், யானைமேல் இருந்த சோழ இளவரசன் ராஜாதித்தனைக் கொன்றான். போரில் தன்னோடு நின்ற மணலரதனிடம் என்ன வேண்டும் என்று அரசன் கேட்டதற்கு, அவன் கேட்டது காளி என்ற வேட்டை நாயை. அந்த நாய் ஒரு காட்டுப்பன்றியோடு மோதி, இரண்டும் செத்தன. நாய்க்குக் கல் நட்டு, பூசைக்கு நிலமும் விட்டார்கள். பூசை செய்யாமல் சோறு தின்கிற பூசாரிக்கு அந்த நாய் செய்த பாவமெல்லாம் சேரும் என்று சாபமும் பொறித்தார்கள். ராஜாதித்தன் கொல்லப்பட்ட செய்தி இருப்பதும் இதே கல்லில்தான். நாய்க்கு எடுத்த கல்லில் சோழ இளவரசனின் சாவு ஒரு துணைச்செய்தி. சோழ நாட்டிலோ கதை வேறு. அங்கே கல்வெட்டுகள் அவனை யானைமேல் துஞ்சிய தேவர் என்று குறிப்பிட்டன. தோற்றவன் என்ற பேச்சே இல்லை. யானையை விட்டு இறங்காமல் செத்தான், அது போதும். ஒரே போர், ஒரே சாவு. ஆற்றின் எந்தக் கரையில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்து வீரன் மாறுகிறான்.

வீரத்தை ஊர்தான் செய்கிறது என்றால், அந்த நொடியில் பாய்கிறவன் என்ன செய்கிறான்? உயிரியலுக்கு இது நெடுநாள் தலைவலி. அடுத்தவனுக்காகச் சாகத் துணிகிறவன் பிள்ளை பெறாமல் போய்விடுவான். அவன் குணம் அவனோடு அழியும். பிறகு எப்படி அந்தக் குணம் மனித இனத்தில் தங்கியது? 1964இல் வில்லியம் ஹாமில்டன் கணக்கு ஒன்று போட்டார். காப்பாற்றப்படுபவர் நெருங்கிய உறவாக இருந்தால், அவருக்குள்ளும் உங்கள் மரபணுவில் ஒரு பங்கு இருக்கிறது. உறவின் நெருக்கத்தை அவர் பெறும் பலனால் பெருக்குங்கள். அது உங்களுக்கு வரும் நஷ்டத்தை மிஞ்சினால், அந்தத் தியாகம் பரம்பரையில் தங்கும். அண்ணன் தம்பிக்குப் பாதிப் பங்கு, ஒன்றுவிட்ட சகோதரனுக்கு எட்டில் ஒன்று.

இந்தக் கணக்கின் வித்தை அவருக்கு முன்பே, 1955இல், ஜே.பி.எஸ். ஹால்டேன் எழுதியிருந்தார். பின்னாளில் இந்தியாவுக்கே குடிவந்து, இந்தியக் குடியுரிமை வாங்கி, புவனேசுவரத்தில் 1964இல் இறந்தவர் அவர். ஆற்றில் மூழ்கும் பிள்ளையைக் காப்பாற்றக் குதிப்பதை உதாரணமாக வைத்துக் கணக்கை விளக்கிவிட்டு, ஹால்டேன் ஒரு குறும்பும் சேர்த்தார்: நானே இரண்டு தடவை தண்ணீரில் தத்தளித்தவர்களை இழுத்துப் போட்டிருக்கிறேன், அந்த நேரத்தில் இதையெல்லாம் கணக்குப் போட எனக்குப் பொழுதில்லை!

அவர் விளையாட்டாகச் சொன்னதைப் பின்னால் ஆராய்ந்தே பார்த்தார்கள். அமெரிக்காவில் கார்னகி வீர நிதி ஆணையம் என்று ஒன்று இருக்கிறது. 1904 ஜனவரியில் பென்சில்வேனியாவின் ஹார்விக் நிலக்கரிச் சுரங்கம் வெடித்தபோது, உள்ளே இருந்தவர்களைக் காப்பாற்றப் போன இருவரும் இறந்தார்கள். அதைக் கேட்டு மனம் கலங்கிய எஃகுக் கோடீசுவரர் ஆண்ட்ரூ கார்னகி அதே ஆண்டு ஏற்படுத்திய அமைப்பு இது. அடுத்தவரைக் காப்பாற்ற உயிரைப் பணயம் வைத்தவர்களுக்குப் பதக்கமும் பணமும் கொடுக்கும். அப்படிப் பதக்கம் வாங்கிய 51 பேரின் பேட்டிகளை டேவிட் ராண்ட், ஸீவ் எப்ஸ்டைன் இருவரும் எடுத்து, விவரம் அறியாதவர்களிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். யோசித்துச் செய்ததா, யோசிக்காமல் செய்ததா என்று மதிப்பெண் போட வேண்டும். 2014இல் வந்த முடிவு: பெரும்பாலும் யோசிக்காமல்தான். நின்று யோசிக்க நேரம் இருந்த சம்பவங்களிலும் அப்படித்தான். குதித்தவர்கள் அநேகமாக ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள்: நான் ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை, யாராக இருந்தாலும் செய்திருப்பார்கள். நாம் இதைத் தன்னடக்கம் என்று நினைக்கிறோம். அது வெறும் சாட்சியம். யோசனை அவர் தலையில் நடக்கவே இல்லை. கரையில் நின்றவர்கள் தலையில், மறுநாள் டீக்கடையில், ஆறு படிகளில் நடந்தது.

கார்னகி ஆணையத்தின் விதிகளைப் படித்தால் சில விசித்திரங்கள் தெரியும். தீயணைப்பு வீரர் மாதிரி அதுவே வேலையாக உள்ளவருக்குப் பொதுவாகக் கிடையாது. ராணுவத்துக்குக் கிடையாது. தன் குடும்பத்தாரைக் காப்பாற்றியவருக்கும், செத்தாலோ படுகாயம் அடைந்தாலோ ஒழிய, கிடையாது. பெற்ற பிள்ளைக்காக நெருப்பில் குதிப்பது கடமை, அதற்கு என்ன பதக்கம் என்பது அந்த ஊர் நியாயம். ஹாமில்டன் கணக்குக்குள் அடங்குகிறவன் அங்கே வீரனில்லை. உறவு முடிகிற இடத்தில்தான் வீரம் ஆரம்பம்.

இந்தக் கடற்கரையில் அந்த நியாயம் தலைகீழ். மாசி மகத்தன்று திருமலைராயன்பட்டினத்துக் கடற்கரையில் நின்று பார்த்தால் புரியும். திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் தீர்த்தவாரிக்கு வருகிறார். நூற்றெட்டு திவ்ய தேசங்களில் ஒன்றின் உற்சவர், அசுரர்களை வதைத்தவர். பட்டினச்சேரி மீனவர்கள் அவரை வரவேற்பது எப்படி? ‘மாப்பிள்ளை!’ என்று. பெருமாள் மீனவத் தலைவன் மகள் பத்மினியைக் கல்யாணம் பண்ணிக்கொண்டார், ஆகவே இந்தக் குப்பத்துக்கு மருமகன். மாமனார் வீட்டுக்கு வருகிற மாப்பிள்ளைக்கு என்ன உபசாரமோ அது பெருமாளுக்கு. தோள்கொடுத்துத் தூக்குகிறவர்களின் குரலில் பக்தியோடு உரிமையும் இருக்கும். மாப்பிள்ளையை வருஷத்துக்கு ஒருமுறை கூப்பிடாமல் விட்டால் மரியாதையா? இந்த ஊருக்கு மரியாதை தராததன் விலை தெரியும்.

சக்தி உள்ளவரை என்ன செய்வது என்பது எல்லா ஊருக்கும் உள்ள கேள்வி. கிரேக்கன் படையல் போட்டான். ஜப்பானியன் பதவி உயர்வு கொடுத்தான், அமெரிக்கன் பதக்கம் குத்துகிறான். இங்கே உறவுமுறை வைத்துவிடுகிறார்கள். பக்கத்துக் காரைக்காலில் பிறந்த புனிதவதி கதையையே எடுங்கள். மாம்பழம் வரவழைத்ததைக் கண்ட கணவன் பரமதத்தன், இவள் பெண்ணே இல்லை, தெய்வம் என்று பயந்து ஓடிவிட்டான். வேறு ஊரில் வேறு கல்யாணம் செய்து, பிறந்த பெண்ணுக்கு முதல் மனைவி பெயரையே வைத்து, கடைசியில் அவள் காலிலேயே விழுந்தான். பயம் கும்பிடுவதில் போய் முடிந்தது. அவள் அழகை உதறிப் பேயுருக் கேட்டு வாங்கி, தலையால் நடந்து கயிலை ஏறினாள். அருகே வந்த அவளைச் சிவன் அம்மையே என்று அழைத்தார் என்கிறது பெரியபுராணம். தாயும் தந்தையும் இல்லாதவனுக்கு ஒரு தாய் கிடைத்தாள். வற்றிய உடம்போடு தாளம் தட்டி உட்கார்ந்திருக்கும் அந்த அம்மையைக் கம்போடியாவில் 967இல் பிரதிஷ்டையான பந்தேய் ஸ்ரே கோயிலின் சிற்பத்திலும், ஆடும் சிவனின் காலடியில் பார்க்கலாம். வாள் தூக்காத, யாரையும் கொல்லாத ஒரு காரைக்கால் பெண் கடல் தாண்டிப் போயிருக்கிறாள்.

தெற்கே வாஞ்சூர் எல்லையைத் தாண்டினால் நாகூர். அங்கே அடங்கியிருக்கும் ஷாகுல் ஹமீது ஆண்டவர் 16ஆம் நூற்றாண்டு. முகம் மழித்துக்கொண்டிருந்தபோது, எங்கோ நடுக்கடலில் ஓட்டை விழுந்த கப்பலில் இருந்தவர்கள் கூப்பிட்ட குரல் கேட்டு, கையில் இருந்த முகக்கண்ணாடியைத் தூக்கி எறிந்தாராம். அது போய் ஓட்டையை அடைத்துக்கொண்டது. கடலோடிகளின் வீரன் கத்தி எடுக்க மாட்டான், கசிவை அடைப்பான். சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் போன மரைக்காயர்கள் அங்கேயும் அவருக்குத் தர்கா கட்டியதில் ஆச்சரியமில்லை, திரும்பிவர வேண்டுமே.

கடல் தெரிந்தவர்களின் இந்தக் குணத்தை 2018 ஆகஸ்டில் கேரள வெள்ளத்தில் உலகமே பார்த்தது. மீனவர்கள் படகுகளை லாரியில் ஏற்றி மலையடிவாரம்வரை கொண்டுபோய், ஆயிரமாயிரம் பேரை மீட்டார்கள். மலப்புறம் பக்கம் ஒரு மீனவர் தண்ணீரில் மண்டியிட்டுக் குனிந்துகொள்ள, பெண்கள் அவர் முதுகில் கால்வைத்துப் படகேறிய காட்சி கைப்பேசிக்குக் கைப்பேசி பறந்தது. கேரளத்தின் சொந்தப் படை என்று பெயர் வந்தது. அதுவும் உறவு கொண்டாடுவதுதான்; அதுவரை அவர்களைத் தூரத்தில் வைத்திருந்தவர்களும் அன்றைக்குச் சொந்தம் என்றார்கள்.

படகேற முதுகு கொடுத்தவர் படத்தில் இருந்தார். படத்தில் வராதவர்கள் கணக்கு வேறு. செல்வின் பெக்கர், ஆலிஸ் ஈக்லி என்ற இரு உளவியலாளர்கள் 2004இல் ஒரு கேள்வி கேட்டார்கள்: வீரர்கள் ஏன் எப்போதும் ஆண்கள்? கார்னகி பதக்கத்தில் பத்துக்கு ஒன்பது ஆண்கள்தான். ஆனால் ஹிட்லர் காலத்தில் யூதர்களை ஒளித்துவைத்துக் காப்பாற்றியவர்களை எண்ணினால் பெண்கள் ஆண்களுக்குக் குறைந்தவர்கள் இல்லை. உயிரோடு இருக்கும்போதே சிறுநீரகம் கொடுத்தவர்களில் பெண்கள் ஒரு படி அதிகம். நொடியில் குதிக்கும் ஆபத்தில் ஆண். தெரிந்தே, நாள் குறித்து, மேஜையில் போய்ப் படுக்கும் ஆபத்தில் பெண்.

இந்தியாவில் அந்த ஏற்றத்தாழ்வு இன்னும் அதிகம். உயிருடன் உறுப்பு கொடுப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள், வாங்குபவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். மனைவி கணவனுக்கு, தாய் மகனுக்கு. 2023 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு, மூளைச்சாவுக்குப் பின் உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று அறிவித்தது. நல்ல காரியம், மாவட்ட ஆட்சியர் மலர்வளையம் வைக்கும்போது தொல்காப்பியத்தின் ஆறு படிகளில் இரண்டு படியாவது நடந்தேறிவிடுகிறது. உயிரோடு கொடுத்துவிட்டு, தையல் பிரித்ததும் அடுப்படிக்குத் திரும்பும் பெண்ணுக்கு அந்த மரியாதை இல்லை. அமெரிக்காவில் இருந்தாலும் கார்னகி பதக்கம் கிடைக்காது; காப்பாற்றியது வீட்டு ஆளை. இங்கே 1994 உறுப்பு மாற்றுச் சட்டப்படி, உயிருடன் கொடுப்பவர் நெருங்கிய உறவாக இருக்க வேண்டும். உறவில்லாத ஒருவர் அன்பினால் கொடுக்கிறேன் என்று வந்து நின்றால், அனுமதிக் குழுவின் முன் உட்கார்ந்து, ஏன் கொடுக்கிறாய், யார் உனக்கு இவர், பணம் எதுவும் வாங்கினாயா என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லி எழுதிக் கொடுத்த பிறகுதான் அறுவை சிகிச்சைக்கு நாள் குறிப்பார்கள்.